படத்தை முடிவுசெய்வது யார்? அறிவுசார் குறைபாடுடைய இளைஞர்களின் அனிமேஷன் படங்கள் குறித்து ஒரு விளக்கம்

அறிவுசார் குறைபாடுடைய இளைஞர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றித் தாங்களே அனிமேஷன் படம் எடுக்கிறார்கள் என்று கேட்கும்போது பலருக்கும் இரண்டு ஐயங்கள் எழுகின்றன. அவ்வளவு நுணுக்கமான வேலையை அவர்களால் எப்படிச் செய்ய முடியும் என்பது முதலாவது. செய்தாலும், அதில் ஒலிப்பது அவர்களுடைய எண்ணமா, கூடவே இருந்து உதவிய ஆசிரியரின் எண்ணமா என்பது இரண்டாவது. முதல் ஐயத்தைத் தீர்க்கத் தொழில்நுட்பத்தைச் சற்று விளக்கினாலே போதும். இரண்டாவதுதான் கனமானது. அதற்கு விடை தேடப் புகுந்தால் வயது வந்த ஒருவரின் சட்டத் தகுதி, மொழி, பதிப்புரிமை, ஊராட்சி நிர்வாகம் என்று பல இடங்களுக்குப் போக வேண்டியிருக்கிறது.

2024 ஜூலை 8 அன்று உச்ச நீதிமன்றம், மாற்றுத்திறனாளி உரிமைச் செயற்பாட்டாளர் நிபுண் மல்ஹோத்ரா தொடுத்த வழக்கில், காட்சி ஊடகங்கள் மாற்றுத்திறனாளிகளைச் சித்தரிப்பதற்கான வழிகாட்டு நெறிகளை வகுத்தது. இழிவுபடுத்தும் சொற்களைத் தவிர்ப்பதும், ‘எங்களை விட்டுவிட்டு எங்களைப் பற்றி எதுவும் வேண்டாம்’ என்ற கோட்பாட்டின்படி அவர்களைப் படைப்பில் பங்கேற்கச் செய்வதும் அவற்றில் அடங்கும். அத்தீர்ப்பு பேசுவது, பெரும்பாலும் பிறர் எடுக்கும் படங்களைப் பற்றி. மாற்றுத்திறனாளிகளே எடுக்கும் படங்களுக்கு வேறு கேள்விகள் உண்டு. அவற்றை இங்கே பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கோரத்தை, அதாவது கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி போன்ற தமிழ் பேசும் ஊராட்சிகள் அடங்கிய சித்தூர் வட்டத்தை மனத்தில் வைத்து ஆராயலாம். வீட்டில் ஒரு மொழியும் அலுவலகத்தில் வேறொரு மொழியும் புழங்கும் இடத்தில் ‘யாருடைய குரல்’ என்ற கேள்வி இரட்டிப்பாகிறது.

## அடிப்படைகள்

1. அறிவுசார் குறைபாடு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதற்கு இரண்டு அளவுகோல்களை வைக்கிறது. காரணம் காணுதல், கற்றல், சிக்கலைத் தீர்த்தல் ஆகிய அறிவுச் செயல்களில் குறிப்பிடத்தக்க வரம்பு இருக்க வேண்டும். அன்றாடச் சமூக வாழ்வுக்கும் நடைமுறைக்கும் தேவையான திறன்களிலும் அத்தகைய வரம்பு இருக்க வேண்டும். இது மனநோய் அன்று; சட்டம் இரண்டையும் தனித்தனி வகைகளாகவே வைத்திருக்கிறது. டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒருவருக்கும், காரணம் தெரியாமல் பிறவியிலேயே இக்குறைபாடு உள்ள ஒருவருக்கும் இடையே திறன்களில் பெரிய வேறுபாடு இருக்கலாம்.

2. தனக்காகத் தானே குரல் கொடுத்தல். ஆங்கிலத்தில் செல்ஃப் அட்வகசி எனப்படும் இந்த இயக்கம் 1960களின் இறுதியில் ஸ்வீடனில் அறிவுசார் குறைபாடுடையோரின் மன்றங்களிலிருந்து வளர்ந்தது. 1974இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் அவர்களே கூட்டிய மாநாட்டிலிருந்து ‘பீப்பிள் ஃபர்ஸ்ட்’ அமைப்பு உருவானது. பெற்றோர் பிள்ளைக்காகப் பேசுவது இதிலிருந்து வேறுபட்டது. பெற்றோரின் போராட்டம் இல்லாமல் இந்தியாவில் சிறப்புப் பள்ளிகளே வந்திருக்காது என்பது உண்மை. ஆனால் மகன் தனியாக வெளியே போவதைப் பற்றித் தாய் விரும்புவதும் மகன் விரும்புவதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

3. அனிமேஷன். அசையாத படங்களை ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து காட்டி அசைவுத் தோற்றத்தை உண்டாக்குவது. திரைப்படம் நொடிக்கு 24 சட்டகங்களில் (ஃபிரேம்களில்) ஓடுகிறது. கையால் செய்யும் படங்களில் ஒவ்வொரு படத்தையும் இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்திவைத்து நொடிக்கு 12 படங்களோடு முடித்துக்கொள்வது வழக்கம். அந்தக் கணக்கில் ஒரு நிமிடப் படத்துக்கு 720 புகைப்படங்கள் வேண்டும். நொடிக்கு 8 என்று குறைத்தால் 480 போதும், அசைவு சற்றுத் துள்ளலாக இருக்கும்.

## ஏன் இந்த வடிவம் பொருந்துகிறது

பயிலரங்குகளுக்கு ஏற்றது ஸ்டாப் மோஷன் முறை. ஒரு மேசைமேல் அட்டையில் வெட்டிய உருவத்தையோ களிமண் பொம்மையையோ வைத்து, மேலே தாங்கியில் பொருத்திய கைப்பேசியால் ஒரு படம் எடுத்து, உருவத்தைச் சிறிதளவு நகர்த்தி, மறுபடி எடுப்பார்கள். கைகால்களைத் தனித்தனியே வெட்டி மூட்டுகளில் பின் ஊசியால் இணைக்கும் அட்டை உருவங்கள் பாலக்காட்டுக்குப் புதியவை அல்ல. இம்மாவட்டத்துப் பகவதி கோயில்களின் கூத்துமாடங்களில் கம்பராமாயணப் பாடல்களைப் பாடி நிகழ்த்தும் தோல்பாவைக்கூத்தில், துணித்திரைக்குப் பின்னால் விளக்கொளியில் அசையும் தோல் உருவங்களும் மூட்டு வைத்தவைதாம். உருவத்தின் ஒரு கையை மட்டும் அசைத்துக் கோபத்தையும் கெஞ்சலையும் காட்ட முடியும் என்பதை இந்த மண்ணில் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

வீடியோ நேர்காணலோடு ஒப்பிட்டால் இந்த முறையின் தனித்தன்மை தெளிவாகும். கேமராவின் முன் ஒருவரை உட்கார வைத்துக் கேள்வி கேட்டால் அவர் அந்தக் கணத்திலேயே பதில் சொல்ல வேண்டும். பதில் தேட நேரம் எடுப்பவருக்கு அந்த மௌனமே எதிரியாகிவிடுகிறது. கேட்பவர் பொறுமையிழந்து சொல்லை எடுத்துக் கொடுக்கிறார். பேசுபவர் அதற்குத் தலையாட்டுகிறார். சட்டகம் சட்டகமாக எடுக்கும் படத்தில் அவசரம் என்பதே இல்லை. ஒரு சட்டகத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் ஐந்து நிமிடம் யோசித்தாலும் படத்தில் அது தெரியாது.

நினைவாற்றல் சார்ந்த பயனும் உண்டு. கதையின் முந்தைய பகுதிகள் மனத்தில் நிற்க வேண்டியதில்லை. அவை சுவரில் ஒட்டிய படவரிசையாகக் கண்முன் நிற்கின்றன. ஸ்டாப் மோஷன் செயலிகளில் ‘ஆனியன் ஸ்கின்’ என்ற வசதி இருக்கிறது. முன்பு எடுத்த படம் திரையில் மங்கலாகத் தெரிய, உருவத்தை எவ்வளவு நகர்த்துவது என்பதைக் கண்ணாலேயே அளந்துகொள்ளலாம். எண்ணிக்கையும் எழுத்தும் கைவராத ஒருவர் இதைக்கொண்டு சீரான அசைவை உண்டாக்க முடியும். எடுத்ததை உடனே ஓட்டிப் பார்க்கலாம், பிடிக்காத சட்டகத்தை அழிக்கலாம். தவறு செய்துவிடுவோமோ என்ற அச்சத்திலேயே வளர்ந்தவர்களுக்கு, தவறைச் சத்தமில்லாமல் திருத்திக்கொள்ள முடியும் என்பது சாதாரண வசதி அன்று.

வேலையைப் பிரித்துக்கொள்ள முடிவது இன்னொரு காரணம். பேச்சு வராதவர் உருவங்களை நகர்த்தலாம். கைவிரல்களில் பிடிமானம் குறைந்தவர் ப்ளூடூத் பொத்தானை அழுத்திப் படம் எடுக்கலாம். பேசப் பிடித்தவர் குரல் கொடுக்கலாம். டம்ளரும் சைக்கிள் மணியும் கொண்டு ஒலிகளை உண்டாக்க ஒருவர் வேண்டும். டவுன் சிண்ட்ரோமில் தசைத் தளர்வும் பெருமூளை வாதத்தில் தசை இறுக்கமும் இருக்கக்கூடும் என்பதால், உருவங்களை உள்ளங்கையைவிடப் பெரிதாக வெட்டுவது நல்லது. சன்னல் வெளிச்சத்தில் எடுத்தால் மேகம் கடக்கும்போதெல்லாம் படம் மினுக்கும். எனவே சன்னலை மூடி இரண்டு விளக்குகளை வைத்து, கைப்பேசியின் ஒளியளவை மாறாதபடி பூட்டிக்கொள்ள வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. நடந்ததை மட்டுமன்றி நடந்தபோது உள்ளே எப்படி இருந்தது என்பதையும் அனிமேஷன் காட்டும். பேருந்து நடத்துநர் அதட்டும்போது அவர் வாய் மட்டும் பேருந்தளவு பெரிதாகலாம். பதில் சொல்ல நினைப்பவரின் வாய் முகத்திலிருந்தே மறைந்துபோகலாம். வாக்கியமாகச் சொல்லத் திணறும் ஒருவர் இதை அட்டையில் வெட்டிக் காட்டிவிடுகிறார்.

இந்தப் படங்களைத் திறமைக்கான சலுகை மதிப்பெண்ணோடு பார்க்க வேண்டியதில்லை. இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் 2004 முதல் நடந்துவரும் ஆஸ்கா பிரைட் திரைப்பட விழாவை அறிவுசார் குறைபாடுடையவர்களே தலைமையேற்று நடத்துகிறார்கள். அங்கே இத்தகைய படங்கள் கலைப் படைப்புகளாகவே திரையிடப்படுகின்றன.

## எல்லையோரத்தில் மொழி என்னும் கூடுதல் சுவர்

கேரளத்தில் உள்ளாட்சிகளும், மாநில அரசின் வறுமை ஒழிப்பு, மகளிர் மேம்பாட்டு இயக்கமான குடும்பஸ்ரீயும் சேர்ந்து, அறிவுசார் குறைபாடுடையோருக்கான பட்ஸ் பள்ளிகளை நடத்துகின்றன. முதல் பள்ளி 2004இல் திருவனந்தபுரம் மாவட்டம் வெங்ஙானூர் ஊராட்சியில் தொடங்கியது. 18 வயதைக் கடந்தவர்களுக்குப் பட்ஸ் மறுவாழ்வு மையங்கள் உள்ளன. ஊராட்சி அளவிலேயே வயது வந்தோருக்கென ஓர் இடம் இருப்பது பெரிய காரியம். பள்ளி வயது முடிந்ததும் வீட்டுத் திண்ணையே கதி என்ற நிலையை அது மாற்றக்கூடியது.

ஆனால் நிர்வாகத்தின் மொழி மலையாளம். கிழக்கு ஊராட்சிகளின் பல வீடுகளில் பேசுவது கொங்குத் தமிழ் கலந்த எல்லைப்புறத் தமிழ். குறைபாடற்றவர்கள் இரண்டையும் போகிறபோக்கில் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். அறிவுசார் குறைபாடுடைய ஒருவருக்கு மொழி மாறிக் கேட்கப்படும் கேள்வியைப் புரிந்துகொள்ளக் கூடுதல் நேரம் வேண்டும். அந்தத் தாமதத்தை எதிரே இருப்பவர் அறிவின் தாமதமாகவே கணக்கிடுவார். கேள்வி பதில் வழியாகத் திறனை அளக்கும் மதிப்பீடுகளிலும் இந்த ஆபத்து உண்டு. வீட்டு மொழியில் கேட்டிருந்தால் சொல்லியிருக்கக்கூடிய பதில் வேறு மொழியில் கேட்டபோது வராமல் போனால், அது குறைபாட்டின் அளவாகத் தாளில் பதிவாகிவிடும்.

ஆகவே இங்கே எடுக்கும் படத்தில் முதல் முடிவு ஒலித்தடத்தின் மொழி. பேசுபவர் எப்படிப் பேசுகிறாரோ அப்படியே, தமிழுக்கு நடுவே மலையாளச் சொற்கள் விழுந்தால் அவற்றோடும், பதிவுசெய்ய வேண்டும். அதிகாரிகளுக்காக மலையாளத்தில் உரைவரி (சப்டைட்டில்) சேர்க்கலாம். உரைவரி எழுதும் இடத்தில்தான் கவனம் தேவை. ஓர் இளைஞர், “நா தனியாப் போவேன், அம்மாதான் பயப்படுது” என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். அதை ‘பாதுகாப்பான தனிப்பயணம் எங்கள் உரிமை’ என்று எழுதிவிட்டால் முழக்கம் கிடைக்கும். மகனுக்கும் தாய்க்கும் இடையிலுள்ள பாசமும் பிணக்கும் காணாமல் போகும். படம் சொல்ல வந்ததே அந்தப் பிணக்கைத்தான்.

## உதவுபவரின் கை எங்கே நிற்க வேண்டும்

உதவி இல்லாமல் இத்தகைய படம் உருவாகாது. அதை மறைக்கத் தேவையும் இல்லை. உலகத்தில் எந்த இயக்குநரும் தனியாகப் படம் எடுப்பதில்லை. உதவியின் அளவைப் பார்ப்பதைவிட, முடிவுகள் யாரிடம் இருந்தன என்று பார்ப்பதே சரியான சோதனை.

இதில் நன்கு அறியப்பட்ட ஒரு சிக்கல் உண்டு. அறிவுசார் குறைபாடுடையோரிடம் ஆம், இல்லை என்று மட்டுமே பதில் வரக்கூடிய கேள்விகளைக் கேட்டால், கேட்பவரைத் திருப்திப்படுத்த ‘ஆம்’ என்று சொல்லும் போக்கு அதிகம் என்று ஆய்வுகளில் நெடுங்காலமாகப் பதிவாகியிருக்கிறது. வாழ்நாள் முழுவதும் ஒத்துப்போனால் மட்டுமே பாராட்டுப் பெற்றவர்களிடம் இது வியப்பில்லை. “இந்தக் காட்சி பிடிச்சிருக்கா?” என்று கேட்டால் கிடைக்கும் ‘ஆம்’ எதையும் நிறுவாது. இரண்டு வடிவங்களை அருகருகே வைத்து ஒன்றைத் தொட்டுக் காட்டச் சொல்லலாம். வேறொரு நாளில், இடத்தை மாற்றி வைத்து, வேறொருவர் கேட்கலாம். இரண்டு முறையும் ஒன்றையே தேர்ந்தால் அது அவருடைய முடிவு என்று நம்ப இடமுண்டு.

படத்தைப் பார்ப்பவரும் சில கேள்விகளைக் கேட்கலாம்.

1. பொருளைத் தேர்ந்தது யார்? குழு ஒரு பொருளை வேண்டாம் என்று தள்ளியது உண்டா? எதையுமே தள்ளாத குழுவுக்குத் தேர்வு கொடுக்கப்பட்டதா என்று ஐயப்பட வேண்டும்.

2. படத்தொகுப்பின்போது அவர்கள் அறையில் இருந்தார்களா? பயிலரங்குகளில் அதிகம் நழுவும் இடம் இதுவே. வரைவதும் நகர்த்துவதும் எல்லோரும் சேர்ந்து நடக்கும். பிறகு பயிற்சியாளர் கணினியோடு வீட்டுக்குப் போய்த் தொகுத்து, இசை சேர்த்துத் திரும்பி வருவார். எந்த வாக்கியம் தங்கும், எது போகும் என்பதெல்லாம் அங்கே தீர்மானமாகிவிடும்.

3. நிறுவனத்துக்கோ குடும்பத்துக்கோ சங்கடம் தரும் எதுவும் படத்தில் உள்ளதா? நன்றி சொல்லும் படங்கள் மட்டுமே ஒரு மையத்திலிருந்து வந்துகொண்டிருந்தால் அது விளம்பரமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

சோக இசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். முடிந்த படத்தின் கீழே வயலின் இசையை ஓடவிட்டால், சினத்தோடு சொன்ன வாக்கியமும் இரக்கம் கோருவதாக மாறிவிடும். இசை வேண்டுமா, எந்த இசை என்பதும் குழுவின் முடிவாகவே இருக்க வேண்டும்.

## கையெழுத்து, உரிமை, அடையாள மறைப்பு

18 வயது நிறைந்த மகனுக்கோ மகளுக்கோ பெற்றோர் தாமாகவே சட்டப் பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு பாதுகாவலரை நியமிக்கலாம். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, வாழ்வின் எல்லாக் கூறுகளிலும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பிறரோடு சமமான சட்டத் தகுதி உண்டு என்கிறது. 14ஆம் பிரிவு வரையறுக்கப்பட்ட பாதுகாவலரைப் பற்றிப் பேசுகிறது: குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, அந்த நபரோடு கலந்து எடுக்கும் கூட்டு முடிவு. இந்தியா 2007இல் ஏற்புறுதி செய்த, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்த ஐ.நா. உடன்படிக்கையின் 12ஆம் விதிக்கு விளக்கம் தந்த 2014ஆம் ஆண்டின் பொதுக் கருத்துரையும், ஒருவருக்காகப் பிறர் முடிவெடுப்பதைக் கைவிட்டு, அவர் முடிவெடுக்க ஆதரவளிக்கும் முறைக்கு மாற வேண்டும் என்கிறது.

நடைமுறையில் இதன் பொருள், ஒப்புதல் படிவத்தில் பெற்றோரின் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்கக் கூடாது என்பதே. குறுகிய வாக்கியங்களும் படங்களும் கொண்ட எளிய வாசிப்புப் படிவம் தேவை. ஒருமுறை கேட்டதோடு நிறுத்தாமல் குரல் பதிவின்போதும், தொகுப்பு முடிந்தபோதும், வெளியிடும் முன்பும் கேட்க வேண்டும். ‘மையத்துக்குள் காட்டலாம், யூடியூப்பில் போட வேண்டாம்’ என்பதும் முழுமையான பதிலே.

பதிப்புரிமையில் பலரும் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி திரைப்படத்தின் ஆசிரியர் அதன் தயாரிப்பாளர். அதாவது படத்தை உருவாக்கும் முன்முயற்சியையும் பொறுப்பையும் ஏற்றவர். எழுத்தில் எதுவும் இல்லையென்றால் பயிலரங்கு நடத்திய நிறுவனம் அந்த இடத்தைக் கோரக்கூடும். படத்துக்காக வரைந்த ஓவியங்கள் தனிக் கலைப் படைப்புகள். அவற்றின் ஆசிரியர் வரைந்தவரே. அவ்வுரிமையை மாற்றித் தருவது எழுத்தில்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் 19ஆம் பிரிவு கொள்கிறது. உரிமையை மாற்றித் தந்த பிறகும், படைத்தவர் தாமே என்று கோரவும் தம் பெயரைக் கெடுக்கும் சிதைவுகளை எதிர்க்கவும் 57ஆம் பிரிவு இடம் தருகிறது. ஓவியத்தை நிறுவனத்தின் நாட்காட்டியில் அச்சிடும்போது பெயரைப் போடாமல் விடுவது அற்ப விஷயம் அன்று.

முகம் தெரியாது என்பதால் அனிமேஷன் பாதுகாப்பானது என்று கருதுவார்கள். நகரத்துக்கு அது பொருந்தலாம். ஊராட்சியில் எல்லோருக்கும் எல்லோர் குரலும் தெரியும். துன்புறுத்தலைப் பற்றிய படமென்றால் குரலை வேறொருவர் கொடுப்பதும், வீட்டின் நிறம், கோயில், கடைப்பெயர் போன்ற அடையாளங்களை மாற்றுவதும் அவசியம். பாலியல் குற்றத்துக்கு உள்ளானவரின் அடையாளத்தை வெளியிடுவதை, நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவு தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. வரைந்த படமாக இருந்தாலும் அடையாளம் தெரிந்தால் சிக்கல்தான்.

## படம் யாரைச் சென்றடைய வேண்டும்

டிசம்பர் 3, சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினத்தன்று மேடையில் திரையிட்டு, கைதட்டலோடு முடித்துக்கொள்வது எளிது. குரல் கொடுத்தல் என்றால், பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருவர் கேட்பவராக இருக்க வேண்டும். பேருந்தைப் பற்றிய படத்துக்குப் பணிமனை அதிகாரி, ஓய்வூதியம் பற்றிய படத்துக்கு ஊராட்சிச் செயலாளர், கேலி பற்றிய படத்துக்குப் பக்கத்துப் பள்ளியின் மாணவர்கள் என்று பார்ப்பவரைப் படம் எடுக்கும் முன்பே தீர்மானித்துவிட்டால் எதைச் சொல்வது, எவ்வளவு நேரம் என்பதும் தெளிவாகும். அலுவலகத்தில் காட்டும் படம் ஒன்றரை நிமிடத்தைத் தாண்டாமல் இருப்பது உத்தமம்.

எல்லா இடங்களிலும் முக்கியமானது கிராம சபை. அதன் உறுப்பினர் என்பவர் வார்டின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர். அறிவுசார் குறைபாட்டுச் சான்றிதழ் வைத்திருப்பவருக்கு வாக்குரிமை இல்லை என்று பல குடும்பங்கள் நம்புகின்றன, அது தவறு. 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி, தகுதியுள்ள நீதிமன்றம் ஒருவரைச் சித்த சுவாதீனமற்றவர் என்று அறிவித்திருந்தால் மட்டுமே அந்தக் காரணத்துக்காகப் பெயரை நீக்க முடியும். மருத்துவச் சான்றிதழுக்கு அந்த விளைவு கிடையாது. எனவே படம் எடுக்கும் குழுவில் 18 வயது நிறைந்தவர்களின் பெயர்கள் பட்டியலில் உள்ளனவா என்று பார்ப்பதும், இல்லையென்றால் விண்ணப்பிப்பதும் வேலையின் பகுதியே. பெயர் இருந்தால் அவர்கள் கிராம சபைக்கு உறுப்பினர்களாகவே வந்து படத்தைக் காட்டலாம். யாருடைய அனுமதியாலும் வந்த விருந்தினர்களாக இருக்க வேண்டியதில்லை.

படத்தோடு ஒரு மனுவும் போக வேண்டும். கேரள ஆட்சிமொழிகள் சட்டம், 1969, தமிழ், கன்னட மொழிச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்தோடும் துறைத் தலைமையகங்களோடும், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களிலுள்ள அரசு அலுவலகங்களோடும் தம் மொழியில் கடிதப் போக்குவரத்து நடத்த இடம் தருகிறது. ஆகவே மனுவைத் தமிழிலேயே, குழுவினருக்கு வாசித்துக் காட்டினால் புரியும் எளிய வாக்கியங்களில் எழுதலாம். படத்தைக் காட்டிய தேதி, பார்த்த அதிகாரியின் பொறுப்பு, அவர் சொன்ன பதில், எதற்குள் செய்வதாகச் சொன்னார் என்ற நான்கையும் ஒரு நோட்டில் குழுவில் ஒருவர் படமாகவோ எழுத்தாகவோ குறித்துவைக்க வேண்டும். சொன்ன நாள் கடந்தும் பேருந்து பழையபடியே நிற்காமல் போனால், அந்த நோட்டின் நகலைச் சேர்த்து இரண்டாவது மனுவை மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு அனுப்பலாம்; 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் முறையீடுகளை விசாரிக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு.